சாகாத மீன்

ஆகஸ்ட் 3, சனி

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். "கோபம் வந்தா கத்தாதீங்க, ஒரு நோட்டுல எழுதுங்க" என்றார். உப்பைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், எழுத வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு வீட்டுப்பாடம். அலமாரியில் ஒரு டைரி சும்மா கிடந்தது. முதல் பாதியில் என் மனைவி வடிவு கோலம் போட்டுப் பார்த்திருக்கிறாள். மிச்சம் எனக்கு.

என் பெயர் பிரமநாயகம். செம்பாறைக்குளம் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செயலாளர். இருபத்தொரு குடும்பம் இந்தக் குளத்து மீனை நம்பிச் சாப்பிடுகிறது.

இன்றைய கோபம் பேய் மீன். எங்கிருந்தோ கப்பலேறி வந்த சனியன். கண்ணாடித் தொட்டியில் பாசி தின்னட்டும் என்று வாங்கி விடுவார்கள். கடைக்காரர்கள் 'டேங்க் கிளீனர்' என்று சொல்லி விற்பார்கள். தொட்டியில் விரல் நீளம் இருப்பது குளத்துக்கு வந்தால் முழ நீளம் ஆகிவிடும். உடம்பெல்லாம் எலும்பு ஓடு, பக்கத்துக்குப் பக்கம் முள். தின்ன ஆள் கிடையாது. மற்ற மீனின் முட்டையைத் தின்கிறது, கரையில் வளை தோண்டுகிறது, வலையைக் கிழிக்கிறது. இன்று மாசானமுத்து இழுத்த வலையில் கெண்டை நான்கு, பேய் மீன் அறுபது. எங்கள் சங்கத்தில் வலை போடுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. அவனே வலையைக் கரையில் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணாச்சி, பதினோரு எடத்துல கிழிஞ்சிருக்கு. நான் மீன் பிடிக்கேனா, வலை தைக்கேனா?"

ஐப்பசி மழையில் குளம் நிரம்பினால் மறுகால் பாயும். மறுகால் தண்ணீர் ஓடை வழியாக நேரே ஆற்றுக்குப் போகும். இந்த மீன் ஆற்றில் இறங்கிவிட்டால் பிரம்மா வந்தாலும் திரும்பப் பிடிக்க முடியாது. கீழே இருக்கிற அத்தனை குளமும் நாசம். ஆக எனக்கு இருப்பது இரண்டு மாதம்.

இரவுச் சாப்பாட்டில் உப்பில்லை. வடிவு கேட்டாள், "அந்த மீனு சாகவே சாகாதா?" என்று. "கரையில தூக்கிப் போட்டாலும் அரை நாள் கெடக்கும். எமன் வந்தா எமனையே மொறைக்கும்" என்றேன். "அப்படியா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

மகள் உலகம்மை கோவில்பட்டியிலிருந்து பேசினாள். ஆறாம் மாதம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பிரசவத்துக்கு இங்கே அழைத்துவர முடியாது, மாமியார் வீட்டில்தான். இதற்கு முன் இரண்டு தடவை நடந்ததைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

தூக்குவாளியைக் காணோம். மோர் கொண்டுபோகலாம் என்று வீடு முழுக்கத் தேடினேன். ஒன்பது மணிக்கு அதுவே அடுப்படியில் கவிழ்த்து வைத்திருக்கிறது. கேட்டால் "அங்கனயேதான் இருந்துச்சு, கண்ணாடியப் போட்டுத் தேடுங்க" என்கிறாள்.

வடிவு இப்போது காலையில் குளத்தங்கரைக்கு நடக்கப் போகிறாள். "டாக்டர் ஒங்களத்தான் நடக்கச் சொன்னாரு. நீங்க நடக்கல, நானாவது நடக்கேன்" என்கிறாள். சேலைக் கரை நனைந்திருக்கிறது. பனியாம். ஆவணிக் காலையில் என்ன பனி?

ஆகஸ்ட் 19, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். படித்துறையில் பிளாஸ்டிக் பை ஒதுங்கிக் கிடந்தது, கடைத்தெரு ஜெபசிங்கின் மீன் கடைப் பை. நேரே போய்க் கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை.

"ஜோசியர் எழுதிக் குடுக்காரு சார். கல்யாணம் ஆவல, பிள்ளை தங்கல, கோர்ட்டு கேஸு, எல்லாத்துக்கும் ஒம்பது வெள்ளி, வெள்ளிக்கு ஒரு மீனு, குளத்துல விடணும்."

"விடட்டும். இதை எதுக்குவே குடுக்கீரு?"

"விட்ட மீனு செத்துட்டா பரிகாரம் பலிக்காதாம். 'சாகாத மீனாக் குடுங்க'ன்னு கேட்டு வாராவ. தங்க மீனு குளத்துல ஒரு நாள் தாங்குமா? கொக்கு கொத்திட்டுப் போயிரும். இது ஒண்ணுதான் சார் கியாரண்டி."

ஒரு கடை நிறைய மீன் இருக்க, குளத்தையே கெடுக்கிற ஒன்றைத் தேடிப் பொறுக்கிக் கும்பிட்டு விட்டிருக்கிறார்கள். அதுவும் எத்தனை வருடமாகவோ. கேடு நினைத்து ஒருவன் செய்தால்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்யமாட்டான். இனி அந்த மீனை விற்பதில்லை என்று ஜெபசிங்கிடம் எழுதி வாங்கிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "இன்னும் அஞ்சாறு பேருக்கு வெள்ளி பாக்கியிருக்கு சார், பாவம்" என்றான். பாவமாம்.

ஆகஸ்ட் 28, புதன்

படித்துறையில் பலகை வைத்தாயிற்று. 'இக்குளத்தில் வெளி மீன்களை விடாதீர்கள். விட்டால் நம் மீன் அழியும், ஆறு அழியும்.' சிவப்பு எழுத்து, நானே நின்று எழுத வைத்தேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பலகைக்கு யாரோ சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருக்கிறார்கள். இரண்டு செம்பருத்திப் பூவும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பேய் மீனைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார், முள் குத்தியது, ஊசி போட்டுக்கொள்ளப் போய்விட்டார். போகும்போது விழிப்புணர்வு முகாம் நடத்தச் சொன்னார். யாரை விழிக்க வைக்க? இங்கே தூங்குகிறவன் யாரும் இல்லை. எல்லோரும் விடியற்காலமே எழுந்து வந்து மீன் விடுகிறார்கள்.

வீட்டில் மோட்டார் காயில் புகைந்துவிட்டது. தொட்டியில் தண்ணீர் இல்லை.

செப்டம்பர் 7, சனி

கடையில் விற்பனை நின்று இருபது நாள் ஆகிறது. ஆனால் வலையில் எண்ணிக்கை குறையவில்லை. நாங்கள் பிடித்த பேய் மீனை வெயிலில் சாகட்டும் என்று கரையில் குவித்துவிட்டு வருவோம். நேற்று முன்தினம் மாசானமுத்து ஒரு வேலை செய்தான். குவியலில் பத்து மீனுக்கு வால் நுனியைக் கத்தரித்து விட்டான். இன்று இழுத்த வலையில் வால் நறுக்கிய மீன் நான்கு!

"நாய் தூக்கிட்டுப் போயி தண்ணியில போட்டிருக்குமோ?" என்றேன்.

"நாயி இத மோந்துகூடப் பாக்காது அண்ணாச்சி. மனுசந்தான். நாம வெளிய போடுதோம், அவ்வோ உள்ள போடுதாவ. கடையில கெடைக்கலன்னா நம்ம குவியல்ல எடுத்துக்கிடுதாவ."

பிடித்த மீனையே திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். இனிமேல் குவியல் கிடையாது. ஆளுயரக் குழி வெட்டி, அன்றன்றைக்குச் சுண்ணாம்பு போட்டு மூடச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 14, சனி

குழியைப் பற்றிச் சாப்பிடும்போது சொன்னேன். எண்ணூறு மீனுக்கு மேல் புதைத்துவிட்டோம் என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். வடிவு தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டாள். பிறகு உலகம்மைக்கு மூன்று தடவை போன் போட்டாள். "புள்ள அசையுதா? இப்பவும் அசையுதா?" என்று ஒரே கேள்வி. அந்தப் பிள்ளை எரிந்து விழுந்திருக்கும்.

செப்டம்பர் 18, புதன்

வெள்ளிக்கிழமை விடியற்காலம் படித்துறைப் புதருக்குப் பின்னால் நானே உட்காரப்போகிறேன். யாராக இருந்தாலும் கையும் களவுமாகப் பிடித்து ஊர்க்கூட்டத்தில் நிறுத்துகிறேனா இல்லையா பார்.

செப்டம்பர் 20, வெள்ளி

இன்று எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 21, சனி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

ஐந்து பெண்கள் வந்தார்கள். நான்கு பேர் விட்டுவிட்டுப் போனார்கள். ஐந்தாவது ஆள் முந்தானையால் முகத்தை மூடி, முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தாள். கையில் எங்கள் வீட்டுத் தூக்குவாளி.

"ஏட்டி, நீயா?"

அவள் திடுக்கிடக்கூட இல்லை. மீனை விட்டு முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"ஆமா, நாந்தான்."

"ஊரெல்லாம் நான் பலகை வச்சுட்டு அலையுதேன்..."

"பலகை வச்சிய. அதுக்குக் குங்குமம் வச்சது நாந்தான். நீங்க செய்யுத காரியத்துக்கு சாமி கோவிச்சிரப்படாதுல்லா."

என்ன சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை. ஆறு என்றேன், இருபத்தொரு குடும்பம் என்றேன், முட்டாள் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இது ஏழாவது வெள்ளி. இன்னும் ரெண்டு இருக்கு. உலகுக்கு ரெண்டு தடவ கலைஞ்சப்போ நீங்க சங்கத்துக்குப் போயிட்டிய. ஆஸ்பத்திரியில அவ பக்கத்துல இருந்தது நானு. இந்தத் தடவ விட்ட மீனு ஒண்ணும் சாகப்படாதுன்னு ஜோசியர் சொல்லியிருக்காரு. எமனே வந்தாலும் சாகாதுன்னு நீங்கதான சொன்னிய? அதான் இத எடுத்தேன். இப்ப நீங்களே குழி வெட்டிப் போடுதிய, மூடுமுன்ன அதுலருந்துதான் எடுத்துட்டு வாரோம். எண்ணூறுன்னு சொன்னியல்லா, அதுல என் பிள்ளைக்குன்னு விட்டது எத்தனை? அத மட்டும் சொல்லுங்க."

வாளியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.

எனக்கு இந்தப் பரிகாரத்தில் நம்பிக்கை கிடையாது. எழுதியே வைக்கிறேன், நம்பிக்கை கிடையாது.

செப்டம்பர் 22, ஞாயிறு

வடிவு நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டேன். அவள் அடுப்படிக்கு எழுந்து போய்விட்டாள்.

செப்டம்பர் 23, திங்கள்

இன்று ஒரு பொய் சொன்னேன். வலையில் வந்ததில் ஏழு பேய் மீனை எடுத்து, சங்க அலுவலகத்துக்குப் பின்னால் மீன் குஞ்சு வளர்க்கிற சிமென்ட் தொட்டியில் போட்டேன். வடிகாலைச் சாக்கு வைத்து அடைத்தேன், மேலே கம்பி வலை போட்டுப் பூட்டினேன்.

"இது எதுக்கு அண்ணாச்சி?" என்றான் மாசானமுத்து.

"ஆராய்ச்சிக்கு."

"நீங்களா?"

"போய் வேலையப் பாருவே."

வடிவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். நீ விட்ட ஏழும் இதுதான், குழிக்குப் போகாமல் அன்றன்றைக்கே எடுத்து வைத்துவிட்டேன் என்றேன்.

"எல்லாம் ஒண்ணு போலல்லா இருக்கு? என் மீனுன்னு எப்படித் தெரியும்?"

"முப்பது வருசமா மீனு பாக்கேன். எனக்குத் தெரியாதா?"

தொட்டியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். மிச்சம் இரண்டு வெள்ளிக்கும் நான் எடுத்துத் தருகிற மீனை இந்தத் தொட்டியிலேயே விட வேண்டும், குளத்துப் பக்கம் போகக்கூடாது, அந்த நான்கு பெண்களுக்கும் அவளே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பேசி முடித்தோம். ஜோசியர் தண்ணீரில் விடச் சொன்னார், தொட்டியில் இருப்பதும் தண்ணீர்தானே? யோசித்துவிட்டுச் சரி என்றாள். பூட்டுக்கு இன்னொரு சாவி கேட்டு வாங்கிக்கொண்டாள். இரவு சாப்பிட்டாள்.

அக்டோபர் 4, வெள்ளி

ஒன்பதாவது மீன் தொட்டியில் விழுந்தது. வடிவு சூடம் காட்டினாள். நான் வேலியோரம் நின்று ஆள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தொரு குடும்பத்துக்கும் செயலாளர்!

அக்டோபர் 10, வியாழன்

குளத்தில் முழங்கால் தண்ணீர். மொத்த ஊரும் இறங்கி இழுவலை போட்டு, மூன்று நாளாகக் குளத்தை அரித்துவிட்டோம். கரையில் மீன் தோண்டிய வளைகளை மண்வெட்டியால் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்து, களிமண் போட்டு இடித்து அடைத்தாயிற்று. படித்துறைக்கு இப்போது யாரும் வருவதில்லை. வடிவு அந்தப் பெண்களிடம் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. என் பலகை செய்யாததை அவள் செய்துவிட்டாள்.

வீட்டில் வெள்ளரிக்காய் இருந்தது. கேட்டால் மீனுக்காம். எனக்கு வாழைத்தண்டு.

அக்டோபர் 19, சனி

மழை பிடித்துவிட்டது. மறுகாலில் இரண்டு வரிசை வலை கட்டியிருக்கிறோம். ஒன்று கிழிந்தால் இன்னொன்று.

நவம்பர் 3, ஞாயிறு

குளம் நிறைந்து மறுகால் பாய்கிறது. முறை வைத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஆறு பேர் நிற்கிறார்கள். வலையில் ஆகாயத்தாமரை வந்து அடைக்கிறது, பிளாஸ்டிக் வந்து அடைக்கிறது, ஒருவருடைய கட்டில் வந்து அடைத்தது. இரண்டு நாளில் பேய் மீன் பதினான்கு. எங்கள் கண்ணுக்குத் தெரிந்து ஒன்றும் தாண்டவில்லை. தெரியாமல் தாண்டியிருந்தால் தெரியாது. இதற்கு மேல் மனிதனால் முடியாது.

உலகம்மைக்குக் காலில் நீர். டாக்டர் இனி நாள் எண்ணிக்கொண்டிருக்கச் சொல்லியிருக்கிறாராம்.

நவம்பர் 12, செவ்வாய்

தொட்டியில் எட்டுதான் இருக்கிறது.

இரண்டு நாளாக மறுகாலிலேயே கிடந்துவிட்டு இன்று காலையில்தான் வந்து எண்ணினேன். எட்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினேன். எட்டு. தொட்டிக்குள் இறங்கி மூலை மூலையாகத் துழாவினேன், விரலில் முள் குத்தியதுதான் மிச்சம். கம்பி வலை அப்படியே இருக்கிறது, பூட்டு பூட்டியபடி இருக்கிறது, வடிகால் அடைப்பு அசையவில்லை. செத்தால் பிணமாவது மிதக்க வேண்டாமா? நனைந்த வேட்டியோடு தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

வடிவு பார்த்துவிட்டால் என்ன ஆகும்? அவளுக்காகத்தான் யோசிக்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை.

ஒன்று பிடித்துப் போட்டுவிட்டால் முடிந்தது என்று மாசானமுத்துவைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போனேன். மூன்று இடத்தில் வலை போட்டோம். கெண்டை வந்தது, கெளுத்தி வந்தது, விரால் வந்தது. பேய் மீன் ஒன்றுகூட இல்லை.

"அண்ணாச்சி! சுத்தமாப் போச்சு பாத்தியளா! ஜெயிச்சிட்டோம்!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

"இன்னொரு தடவ போடு."

"எதுக்கு? அதான் இல்லயே."

"போடுன்னா போடுவே!"

மறுபடி போட்டான். விரால்தான் வந்தது. தண்ணீர் ஏறிக் கிடக்கிறது, எங்கேயாவது ஆழத்தில் இருக்கும், ஒழிந்துபோயிருக்காது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் மூன்று மாதமாக வேண்டாம் வேண்டாம் என்று வந்த சனியன், ஒன்றே ஒன்று வேண்டும் என்று கேட்கிற நாளில் வராமல் போனால் மனிதனுக்கு எப்படி இருக்கும்? மாசானமுத்து ஊரெல்லாம் போய்ச் சொல்லிவிட்டான். சாயங்காலம் எனக்கு மாலை போட்டார்கள். போட்டவனைத் திட்டிவிட்டேன்.

நவம்பர் 13, புதன்

ஜெபசிங் கடைக்குப் போனேன். கடைசித் தொட்டியில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒன்று இருந்தது, சாண் நீளம்.

"அது கடைத் தொட்டி கழுவ வச்சிருக்கது சார். விக்கிறதுக்கு இல்ல. சத்தியமா."

"எனக்கு வேணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "விக்க மாட்டேன்னு நீங்கதான சார் எழுதி வாங்கினிய?"

தலை குனிந்து நின்றேன். வேறு என்ன செய்ய? கடையில் ஆள் வேறு இருந்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தி, "மகளுக்கு எத்தன மாசம் சார்?" என்றான். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. வடிவு அவன் கடையில்தான் முதல் மீன்களை வாங்கியிருப்பாள்.

"நிறை மாசம்."

"விக்கத்தான மாட்டேன்னு எழுதிக் குடுத்தேன்? இரவல் தாரேன். கொண்டு போங்க" என்று பையில் பிடித்துப் போட்டான்.

தொட்டியில் ஒன்பது. அளவு கொஞ்சம் சின்னது, பார்த்தால் தெரியாது.

நவம்பர் 15, வெள்ளி

காலை ஏழு பத்துக்குப் பெண் குழந்தை. உலகம்மை நலம். மாப்பிள்ளை நேற்றுச் சாயங்காலம் போன் செய்தவுடன் பஸ் பிடித்து வந்துவிட்டோம். இந்தத் தடவை நான் எங்கேயும் போகவில்லை. வராந்தாவிலேயே இருந்தேன்.

குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. கோபக்காரி. மாப்பிள்ளை வாங்கிக்கொண்டு உள்ளே போனபின், நானும் வடிவும் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று நானாகவே சொன்னேன்.

"ஒம்பது மீனும் நல்லாருக்கு. நேத்துப் பொறப்படும்போது எண்ணிட்டுத்தான் வந்தேன்."

வடிவு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒம்பது எங்கருந்து வந்துச்சு? எட்டுல்லா இருக்கணும்?"

"ஒம்பதுதான். நான் எண்ணினேன்."

"பொய் சொல்லாதிய. ஞாயித்துக்கிழம காலைல ஒண்ணு செத்து மெதந்துச்சு. நாந்தான் எடுத்துக் கொண்டு போயி நம்ம தென்னமரத்து மூட்டுல பொதச்சேன்."

வேட்டியோடு தொட்டிக்குள் இறங்கியது, மூன்று இடத்தில் வலை போட்டது, ஜெபசிங் கடையில் தலை குனிந்து நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமையே தெரியும்னா எங்கிட்ட ஏம்ட்டி சொல்லல?"

"எப்படிச் சொல்ல? அதுக்குப் பெறவு எனக்கு ஒறக்கமே இல்ல. உலகுட்டயும் சொல்ல முடியாது. நம்பிக்கை இல்ல நம்பிக்கை இல்லன்னுட்டு தெனமும் மூணு நேரம் போயி எண்ணுதியல்லா. சொன்னா நீங்க தாங்க மாட்டிய."

சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். ஐந்து நாள் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. அவள் முதுகைத் தடவிக்கொடுக்கலாம் என்று கையை வைத்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. சத்தமாகவே வந்துவிட்டது. வராந்தாவில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வேகமாக வந்தாள்.

"புள்ள நல்லாத்தான பொறந்திருக்கு? எதுக்கு ரெண்டு பேரும் ஒக்காந்து இப்படி அழுதிய? பெரிய மனுசங்கதான நீங்க?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனாள்.